கெல்சென்கிர்ச்சன் கோல்கீப்பருக்கு ஒரு கொலம்பியப் பாட்டு

எண்பத்தேழாம் ஆண்டு ஆடி மாதம் மெட்ராஸிலிருந்து ஓர் இன்னிசைக் குழு ஜெர்மனிக்குப் போனது. அந்தக் குழு நான்தான். பாடகர், பாடகி, கீபோர்டு, கிடார், தபேலா, டிரம்ஸ் எல்லாருக்கும் விசா மறுத்துவிட்டார்கள். தும்பா என்கிற, கையால் தட்டும் நெட்டை மேளம் வாசிக்கிற எனக்கு மட்டும் கொடுத்தார்கள். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கிளம்பும்வரை பாடகர் என்னிடம் பேசவில்லை.

தன் கலைவிழாவுக்கு எங்களை அழைத்தது கெல்சென்கிர்ச்சனில் இருந்த இலங்கைத் தமிழர் சங்கம். நான் மட்டும் வருகிறேன் என்று அடித்த தந்தி, நான் போய்ச் சேர்ந்து இரண்டு நாள் கழித்துத்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. அதனால் ஸ்டேஷனுக்கு வந்த சங்கச் செயலாளர் தங்கராசா அண்ணை என் கையைக் குலுக்கிவிட்டு, என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். உணவகம் ஒன்றில் தட்டுக் கழுவுகிறவர். ஊரில் தபால் அதிபராக இருந்தவர். எதற்கும் பதறாத முகம்.

"மற்ற ஆக்கள் பின்னாலை வருகினமோ?" என்று கேட்டார்.

நடந்ததைச் சொன்னேன். தும்பாவை ஒரு தரம் சுற்றி வந்து பார்த்தார். நான் பாடுவேனா என்று விசாரித்தார். என் மனைவி அனுமதிப்பதில்லை என்றேன். "சரி, வாங்கோ. புட்டு ஆறுது" என்றார். கலைவிழா அத்தோடு ரத்தானது.

அந்தப் புட்டு கேக் செய்கிற ரவையில் அவித்தது. தேங்காய்ப்பூ பாக்கெட்டில் வாங்கியது. தொட்டுக்கொள்ள, வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸில் ஒரு கறி. காரம் என்னவோ அசல் யாழ்ப்பாணம். அவசரமாகத் தண்ணீர் கேட்டேன். கொடுத்த தண்ணீர் சோடா. இந்த ஊரில் சும்மா தண்ணீரையே சோடாவாகத்தான் குடிப்பார்களாம். காரத்தின் மேல் சோடா விழுந்தால் என்ன ஆகும் என்பதை எழுதத் தேவையில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே ஒரு வாலிபன் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தான். அதற்காகவே அவனை எனக்குப் பிடித்துப்போனது.

அவன் பெயர் யோகன். இரண்டு தெரு தள்ளி, பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் இருந்த அகதிகள் விடுதியில் இருந்தான். அகதி விண்ணப்பம் முடியும்வரை வேலை செய்ய அனுமதி கிடையாது. ஆகவே நாள் முழுக்கக் கால்பந்து. சங்க அணிக்கு அவன்தான் கோல்கீப்பர். தங்கராசா அண்ணை ஆரஞ்சுப் பழத்தைக் கையில் தரமாட்டார், எறிவார். அவன் பேச்சை நிறுத்தாமல் பிடிப்பான்.

யோகனுக்கு ஒரு கல்யாணம் பேசியிருந்தார்கள். பெண்ணின் பெயர் மலர். அவளும் ஜெர்மனியில்தான், ரயிலில் இரண்டு மணி நேர தூரத்தில் வேறொரு ஊர் விடுதியில் இருந்தாள். இரண்டு வீட்டாரும் ஊரிலிருந்து கடிதத்திலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். மலர் மட்டும் தொலைபேசியில் ஒரே வரி சொல்லிவிட்டாளாம்: நேரில் பார்க்காமல் ஓம் சொல்ல ஏலாது.

சிக்கல் என்னவென்றால், விண்ணப்பம் முடியாதவர்கள் தங்கள் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டுமென்றால் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். யோகன் இரண்டு முறை கேட்டான், இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். தங்கராசா அண்ணை விளக்கினார்: "டொக்டரட்டைப் போகலாம், லோயரட்டைப் போகலாம், கோர்ட்டுக்குப் போகலாம். பொம்பிளை பார்க்கப் போறதுக்கு அந்த ஃபோர்மிலை கட்டம் இல்லை."

மறுநாள் அவர் ஒரு கட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

சனிக்கிழமை அந்த வட்டாரத்துப் பாதிரியார் நான்கு அணிகளை வைத்து ஒரு கால்பந்துப் போட்டி நடத்த இருந்தார். அகதிகளும் உள்ளூர்க்காரர்களும் பழக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒவ்வோர் அணியும் தன் பாட்டைப் பாடிக்கொண்டு மைதானத்துக்குள் வர வேண்டும் என்று அழைப்பில் எழுதியிருந்தார். அண்ணை அதைக் கண்ணாடி போட்டு ஒரு தரமும் போடாமல் ஒரு தரமும் படித்தார். பிறகு மலர் இருந்த ஊரின் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினார். அதை அவர் 'அந்த்ராக்' என்றே சொல்வார். ஜெர்மனியில் இருக்கிற தமிழர்கள் சாமி பெயருக்கு அடுத்தபடியாக அதிகம் உச்சரிக்கிற சொல் அதுதான். இந்த அணியின் முதன்மைப் பாடகி மலர், அவர் இல்லாமல் அணி மைதானத்துக்குள் வர இயலாது என்பது மனுவின் சாரம்.

அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் தொலைபேசியில் பேசினார். விளையாட்டு என்றால் அனுமதிக்க இடமுண்டு, ஆனால் கால்பந்து அணிக்குப் பாடகி எதற்கு? அப்படி ஒரு பாட்டு உண்மையிலேயே இருக்கிறதா? இருந்தால் அதன் வரிகளை ஜெர்மன் மொழியில் வியாழக்கிழமைக்குள் அனுப்பட்டும்.

அப்படி ஒரு பாட்டு இல்லை. அன்று செவ்வாய்க்கிழமை. அண்ணை என் தும்பாவைப் பார்த்தார். "தம்பி, உங்களைக் கடவுள்தான் அனுப்பினவர்" என்றார். எனக்குத் தெரிந்து ஒரு ட்ராவல் ஏஜென்ட்தான் அனுப்பினார். சொல்லவில்லை.

"பந்தாட்டப் பாட்டு எண்டால் எர்னானைத்தான் பிடிக்கவேணும்," என்றான் யோகன். எர்னான் கொலம்பியாக்காரன். ஜெர்மன் பெண்ணொருத்தியைக் காதலித்து இங்கே வந்தவன். காதல் போய்விட்டது, அவன் இருந்துவிட்டான். இரவில் பேக்கரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் பேண்டில் டிராம்போன் ஊதுவான். அந்த பேண்டில் இடுப்பு அசைகிற ஒரே ஆள் என்று அவனுக்குப் பெயர். சனிக்கிழமைப் போட்டியில் தென்னமெரிக்கர்களின் அணிக்கு அவன்தான் பயிற்சியாளர். எதிரியிடமே போய்ப் பாட்டுக் கேட்பதா என்று தயங்கினேன். பாட்டுக்காக அவன் தன் அணியையே விற்பான் என்றான் யோகன்.

புதன்கிழமை காலை நானும் அண்ணையும் தும்பாவும் டிராம் ஏறினோம். தும்பாவை ஒரு சீட்டில் உட்கார வைத்தேன். டிக்கெட் பரிசோதகர் வந்து அதற்கு டிக்கெட் கேட்டார். அண்ணை நீண்ட விளக்கம் கொடுத்தார். பரிசோதகர் அதைவிட நீண்ட விளக்கம் கொடுத்தார். கடைசியில் தும்பா என் மடிக்கு வந்தது, எனக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. இறங்க வேண்டிய இடத்தில் கதவருகே மரியாதையாக நின்றேன். கதவு திறக்கவில்லை. டிராம் கிளம்பிவிட்டது. அண்ணை எனக்குப் பின்னால் நின்று, நான் பொத்தானை அமுக்குவேன் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். கதவுக்குப் பொத்தான் உண்டென்று மெட்ராஸ்காரனுக்கு எப்படித் தெரியும்? எங்கள் பஸ்ஸுக்குக் கதவே கிடையாது. இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்தோம்.

எர்னான் குட்டையான, வழுக்கை விழத் தொடங்கிய மனிதன். எங்களுக்குச் சோளமாவில் தட்டிச் சுட்ட ஒரு தடித்த ரொட்டி கொடுத்தான். அண்ணை பையிலிருந்து மாங்காய் ஊறுகாயை எடுத்து அதன்மேல் வைத்தார். எர்னான் தின்றுபார்த்துவிட்டு அந்தப் புட்டியைத் தன் அலமாரிக்குள் வைத்துக்கொண்டான். தன் ஊர் காலி என்றான். அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்து, "காலியோ? அங்கை உமக்குச் சொந்தக்காரர் இருக்கினமோ?" என்று ஜெர்மனில் கேட்டுவிட்டு எனக்காகத் தமிழிலும் சொன்னார். இலங்கையின் தெற்கே இருக்கும் காலியை நினைத்துவிட்டார். கொலம்பியாவிலும் ஒரு காலி இருக்கிறது என்று புரியவைக்கப் பத்து நிமிடம் ஆனது.

எர்னானின் ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம். அதனால் எனக்கு நன்றாகப் புரிந்தது. என் வாத்தியத்தைக் கண்டதும் அவன் "தும்பா" என்றான். நாங்கள் வைத்த பெயரல்லவா அது என்று திகைத்தேன். அவர்கள் பக்கத்துப் பெயராம். எங்கள் சினிமாக்காரர்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவனுடைய மொழியில் அதே சொல்லுக்குக் கல்லறை என்றும் பொருள் என்றான். பதினைந்து வருடமாக எதைத் தட்டிப் பிழைக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு நான்கு கேசட்டுகளை எடுத்து மேசையில் அடுக்கினான். நான்கும் ஒரே கால்பந்துக் கழகத்தின் பாட்டுகள், அவனும் அவன் அப்பாவும் உயிரையே வைத்திருந்த கழகம். முதல் கேசட்டில் அப்பா காலத்துப் பாட்டு. பித்தளை வாத்தியங்கள் முழங்க, ஆண்கள் எல்லாரும் ஒரே குரலில் வீரம், மானம், கொடி என்று பாடினார்கள். பள்ளிக்கூடத்தில் காலையில் வரிசையாக நிற்பதுபோல் இருந்தது. அண்ணைக்கு அதுதான் பிடித்தது. இரண்டாவதில் கடற்கரைப் பக்கத்து நடன இசை நுழைந்திருந்தது. கிளாரினெட்டுகள் குழைந்தன. வார்த்தைகள் அதே வீரமும் மானமும்தான், ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு யாரும் வரிசையில் நிற்க முடியாது.

மூன்றாவது எர்னானின் இளமைக்காலப் பாட்டு. டிராம்போன்கள் சண்டைக்கு வருவதுபோல் வந்தன. நடுவில் தும்பா. எனக்குக் கை அரித்தது. இதில்தான் பெரிய மாற்றம் என்று அவன் பாட்டை நிறுத்தி நிறுத்திச் சொன்னான். பழைய பாட்டில் வரிகளை எழுதி அச்சடித்துக் கொடுப்பார்கள், எல்லாரும் அப்படியே பாடுவார்கள். இதில் கூட்டத்துக்கு ஒரே ஒரு பதில் வரிதான். முன்னால் நிற்கிற பாடகன் அந்த நேரத்தில் தோன்றுவதையெல்லாம் பாடுவான். யார் கோல் போட்டான், யார் கோட்டைவிட்டான், நடுவரின் மாமியார் எப்படிப்பட்டவர், எல்லாம் வரும். கூட்டம் அதே பதிலைச் சொல்லும். அரசியல்கூட நுழைந்துவிடும், போலீஸ் யாரையும் பிடிக்க முடியாது, ஏனென்றால் எங்கேயும் எழுதியிருக்காது.

நான்காவது கேசட்டை அவன் தயங்கித்தான் போட்டான். அவன் மருமகன் அனுப்பியது. டிராம்போன் இல்லை. தும்பா இல்லை. எல்லாம் மெஷின். "இதில் யாருடைய கையும் இல்லை" என்றான் எர்னான்.

எனக்கு அது தெரிந்த சமாசாரம். போன தீபாவளிக்கு எங்கள் குழு முதலாளி ஒரு ரிதம் பாக்ஸ் வாங்கியிருந்தார். அதற்குப் பிறகு பல கச்சேரிகளில் நான் தும்பாமேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தேன். தேர்தல் பாட்டுகளிலும் அதேதான். நான் சின்னப் பையனாக இருந்தபோது நாதஸ்வர மெட்டில் ஓட்டுக் கேட்டார்கள், பிறகு பாங்கோஸ் வந்தது, இப்போது டிஸ்கோவில் கேட்கிறார்கள். அதை எர்னானிடம் சொன்னேன். அவன் கேசட்டை நிறுத்தினான். பிறகு அவன், மெஷின் பாட்டு அசிங்கம்தான், ஆனால் போன வாரம் பேக்கரியில் மாவு பிசையும்போது தன் வாயில் வந்தது அதுதான் என்று ஒப்புக்கொண்டான்.

அன்று மாலை விடுதியில் பாட்டுக் கட்டினோம். தங்கராசா அண்ணைக்குக் கல்லூரிக் கீதம்போல் கம்பீரமாக வேண்டும். பையன்களுக்கு இலங்கையின் துள்ளாட்டப் பாட்டான பைலா வேண்டும். ஒருவனுக்கு டிஸ்கோ. இரண்டு மணி நேரம் சண்டை. கடைசியில் முதல் இரண்டு அடி கம்பீரம், மிச்சம் பைலா என்று முடிவானது. பைலாத் தாளத்தைத் தட்டியதும் எர்னான் துள்ளி எழுந்தான். தன் ஊருக்கு மேற்கே கடற்கரையில் இதே ஆறு தட்டு உண்டு என்று டிராம்போனை உறையிலிருந்து எடுத்தான். முன்பாடகி எதைப் பாடினாலும் கூட்டம் சொல்ல வேண்டிய பதில் இது:

ஓமோம் ஓமோம் பிடிப்பம்,
ஓடி வந்தால் தடுப்பம்.

கம்பனுக்குப் போட்டி இல்லை. அண்ணை அதை ஜெர்மனில் எழுதியபோது மட்டும் ஏதோ தேசியப் பாதுகாப்புத் திட்டம்போல் ஆகிவிட்டது. அலுவலக அம்மாளுக்கு அது பிடித்திருக்க வேண்டும். வியாழக்கிழமை மாலை அனுமதி கிடைத்தது. சனிக்கிழமை காலையிலிருந்து இரவு எட்டு மணிவரை.

இனி பாட்டை மலருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நான்கு பேர் ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைந்தோம். அண்ணை ரிசீவரைப் பிடித்துக்கொண்டார், எர்னான் மெட்டை வாயால் ஊதினான், நான் தொலைபேசிப் புத்தகத்தைத் தும்பாவாக்கினேன். யோகனுக்கு வேலை இல்லை. இருந்தாலும் வியர்த்தான். வெளியே காத்திருந்த ஒரு கிழவர் கண்ணாடியைத் தட்டினார். தாளம் சரியாகவே இருந்தது.

மலர் ஒரு தரம் கேட்டுவிட்டுத் திருப்பிப் பாடினாளாம். பிறகு அண்ணையிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். முன்வரிகளை இவர்கள் எழுதித் தருவார்களா, அல்லது தான் நினைத்ததைப் பாடலாமா? கொலம்பிய முறைப்படி நினைத்ததைப் பாடலாம் என்று அண்ணை பெருந்தன்மையோடு சொன்னார். அதன் விளைவை அப்போது எங்களில் யாரும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை. மைதானம் சுரங்கத்துக்குப் பக்கத்தில். புல் கிடையாது, கறுப்புச் சாம்பல் மண். விழுந்து எழுந்தவன் கரிமூட்டைத் தொழிலாளிபோல் எழுவான். சுற்றிலும் பொரித்த சாசேஜ் மணம், பீர், குழந்தை வண்டிகள். மலர் சாம்பல் நிறக் கோட்டும் வெள்ளைக் கான்வாஸ் ஷூவுமாக வந்தாள். ஒல்லியான பெண், நிதானமான கண். யோகனைத் தேடி நாலு பக்கமும் பார்க்கவில்லை. நேராக எங்களிடம் வந்து, கீப்பர் எந்தப் பக்கத்து கோலில் நிற்பார் என்று கேட்டாள். காட்டினோம். அதன் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஆடாத சங்கத்து ஆட்களும் நானுமான பாட்டுக் கோஷ்டி மொத்தமும் அவள் பின்னால் போனது.

பெண் பார்க்கப் போன கதைகள் எனக்கு நூறு தெரியும். பஜ்ஜி, சொஜ்ஜி, குனிந்த தலை. மாப்பிள்ளையை வலைக்கு முன்னால் நிறுத்தி, பதினோரு பேரைவிட்டு அவன்மேல் பந்தடிக்கச் சொல்லிப் பார்த்த கதை இது ஒன்றுதான்.

எங்கள் எதிரி எர்னானின் அணி. முதல் பாதியில் யோகன் நன்றாகவே பிடித்தான். ஒரு கோல்தான் விட்டான். அதுவும் எங்கள் பையன் ஒருவனின் முழங்காலில் பட்டுத் திரும்பியது. மலர் எல்லாரும் எதிர்பார்த்த மாதிரி பாடினாள். வலப்பக்கம் பார், இடப்பக்கம் பார் என்றெல்லாம் பாட, கூட்டம் ஓமோம் ஓமோம் என்றது. பாதிரியார் கைதட்டினார். டிராம்போனோடு எதிர்க்கோடியில் நின்ற எர்னானுக்கு அங்கே நிற்க முடியவில்லை. தன் அணியை விட்டுவிட்டு ஓடிவந்து எங்கள் பாட்டுக்கு ஊதினான். ஒரு சிலிக்காரர் அவனைப் பார்த்து ஏதோ கத்தினார். மொழிபெயர்க்கக் கேட்டேன். எர்னான் மறுத்துவிட்டான்.

இடைவேளையில் கோலை மாற்றினார்கள். நாங்களும் மாறினோம். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மலர் குரலைச் சற்று உயர்த்தி, மெட்டுப் பிசகாமல் பாடினாள்:

"சமையல் எனக்குத் தெரியாது."

கூட்டம் பழக்க தோஷத்தில் "ஓமோம் ஓமோம் பிடிப்பம்" என்றது. யோகனின் முதுகு லேசாக விறைத்தது.

"நேர்ஸ் வேலை படிக்கப் போறன்."

பாதிக் கூட்டம்தான் பதில் சொன்னது. மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் கை மட்டும் நிற்கவில்லை. தும்பாக்காரனின் தர்மம் அது.

"மூண்டு வருசம் பொறுப்பாரோ கீப்பர்?"

இதற்குத் தங்கராசா அண்ணை ஒருவர் மட்டும் "ஓமோம் ஓமோம்" என்று தொடங்கி, தன் குரல் தனியாகக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். எர்னானுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் ஏதோ புரிந்து டிராம்போனை இறக்கினான். தும்பா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

யோகன் திரும்பினான். முழுசாகத் திரும்பினான். முகம் பாதி கரி. அந்த வாரம் முழுக்க அவன் வாயிலிருந்து இவ்வளவு தெளிவாக ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

"ஓம்," என்றான்.

பந்து அவன் காதோரமாகப் போய் வலையில் விழுந்தது.

எதிரணி குதித்தது. எங்கள் பக்கமும் குதித்தது. இரண்டு பக்கமும் ஒரே கோலுக்குக் கொண்டாடியதை அந்த நடுவர் முன்பின் பார்த்திருக்க மாட்டார், விசிலை வாயில் வைத்தபடி குழம்பி நின்றார். அதற்குப் பிறகு இன்னும் மூன்று கோல் விழுந்தது. ஐந்துக்குப் பூச்சியம். யோகன் ஒவ்வொன்றுக்கும் உண்மையாகவே பாய்ந்தான், ஆனால் ஒன்றுக்கு எதிர்த்திசையில் பாய்ந்தான்.

ஆட்டம் முடிந்ததும் பாதிரியார் வந்து, அந்த அழகான பாட்டின் இரண்டாம் பகுதிக்கு என்ன பொருள் என்று விசாரித்தார். கோல்கீப்பருக்கு ஊக்கம் கொடுக்கும் வரிகள் என்று அண்ணை சொன்னார். அவருக்கு அது அதிகம் உதவவில்லை போலிருக்கிறதே என்று பாதிரியார் வருத்தப்பட்டார்.

யோகனும் மலரும் சாசேஜ் கடைக்குப் பக்கத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். ஒரு காகிதத் தட்டில் உருளைக்கிழங்குப் பொரியல், இரண்டு மரக் குச்சிகள். ஒரு மணி நேரம் பேசினார்கள். பாட்டுக் கோஷ்டியும் மிச்சப் பத்து ஆட்டக்காரர்களும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டோம். எர்னான் மட்டும் வெளிப்படையாகப் பார்த்து எங்களுக்குச் செய்தி சொன்னான்: அவள் பேசுகிறாள், அவன் தலையாட்டுகிறான். இப்போது அவன் பேசுகிறான், அவள் சிரிக்கவில்லை. சிரித்துவிட்டாள்.

எட்டு மணிக்குள் அவள் தன் ஊர் எல்லைக்குள் இருந்தாக வேண்டும். ஐந்தரைக்கெல்லாம் ஸ்டேஷனில் நின்றோம். யோகன் குளித்துவிட்டு வந்திருந்தான், காதுக்குள் இன்னும் கரி. முடிவு என்ன என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. ரயில் வந்தது. மலர் ஏறி, ஜன்னலைக் கீழே இறக்கித் தலையை நீட்டினாள். யோகனைப் பார்க்காமல் அண்ணையிடம் கேட்டாள்.

"அண்ணை, அடுத்த மட்ச் எப்ப?"

"இனி ஒண்டும் இல்லைப் பிள்ளை. வாற வருசம்தான்."

"அப்பிடியெண்டால் ஒண்டை வையுங்கோ. அந்தப் பாட்டு இன்னும் முடியேல்லை."

ரயில் கிளம்பியது. யோகன் அதன் கூடவே பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்து போனான். அண்ணை எர்னானைப் பார்த்தார். இன்னும் இரண்டு வாரத்தில் இன்னொரு தரம் விளையாட வருவீர்களா என்று ஜெர்மனில் கேட்டார். ஐந்து கோல் போதவில்லையா என்றான் எர்னான். பிறகு, தன் பையன்கள் வேண்டுமானால் பத்துகூடப் போடுவார்கள் என்று உறுதி கொடுத்தான்.

திங்கட்கிழமை காலை நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது தங்கராசா அண்ணை சமையலறை மேசையில் மலருக்காகப் புதிதாக ஒரு அந்த்ராக் எழுதிக்கொண்டிருந்தார். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, என்ன போடலாம் என்று என்னைக் கேட்டார். நான் சொல்வதற்குள் யோகன் எட்டிப் பார்த்து, "பயிற்சி போதாது எண்டு போடுங்கோ அண்ணை" என்றான்.